பதினைந்தாவது பிஸ்கட்

குமோதா ஊரில் ஒரு பண்டம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. யாரிடம் எதைக் கொடுத்தாலும், வாயில் போட்ட மறுநொடியே கண்ணை அகல விரித்து "ஆகா, என்ன ருசி!" என்பார்கள். கருகியது, வேகாதது, உப்புக் கரிப்பது எல்லாவற்றுக்கும் அதே ஆகாதான். கியோட்டோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ரயிலில் போனால் வரும் அந்த மலையடிவார ஊரில், கடைசியாக ஒருத்தர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று வாய் திறந்து சொன்னது எந்தச் சக்கரவர்த்தி காலத்தில் என்று யாருக்கும் நினைவில்லை.

சிகுசாவுக்கு இந்த நாசூக்கு அறவே ஆகாது. அவள் இருபத்து மூன்று வருடம் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவள். பிள்ளைகள் வாயால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மதியம் ஒன்றரை மணிக்கு வகுப்புகளிலிருந்து பாத்திரங்கள் திரும்பி வரும். மிச்சத்தை வகுப்பு வாரியாகத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். நாலாம் வகுப்பு, பாகற்காய் வதக்கல், மூன்று கிலோ. அதே நாலாம் வகுப்பு, கறிக்குழம்புச் சோறு, எட்டு கிராம். அந்த எட்டு கிராமும் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிடித்தால் தின்பார்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அதில் என்ன குறை?

இரண்டு வருடங்களுக்கு முன்பு பக்கத்து ஊர்ச் சமையற்கூடத்தோடு சேர்த்துவிட்டு இந்தச் சமையற்கூடத்தை மூடினார்கள். அன்றிலிருந்து அவள் சமைத்த எதைப் பற்றியும் யாரும் உண்மை சொல்லவில்லை. ஐம்பத்து நாலு வயதில், நல்ல கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் டோகுஜி தபால் நிலையத்தில் கவுண்டர் ஊழியர். மகள் பிறந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் "அப்பா", "அம்மா" என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். மகள் வேலை கிடைத்து ஒசாகாவுக்குப் போய் ஆறு வருடமாகியும் அது மாறவில்லை. டோகுஜி தங்கமான மனிதர். ஆனால் ருசி விஷயத்தில் அவரை நம்ப முடியாது. ஒருமுறை கப் கேக்கை அடியில் ஒட்டியிருந்த காகிதத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டு, "அடிப்பக்கம் கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கு, ஆனா ருசி" என்றவர் அவர்.

மிசோ பிஸ்கட் யோசனை பிப்ரவரியில் வந்தது. அந்தப் பக்கத்தில் புத்தாண்டு சூப்புக்கு எல்லா வீட்டிலும் வெள்ளை மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுது வாங்குவார்கள். சூப்பு மூன்று நாளில் முடிந்துவிடும். மிச்ச விழுது அரை டப்பா, பிப்ரவரி வரைக்கும் ஃபிரிட்ஜின் மூலையில் குந்தியிருக்கும். சிகுசா அதை வெண்ணெயோடு குழைத்து, சர்க்கரையும் மைதாவும் சேர்த்து, வறுத்த எள்ளை அள்ளிப் போட்டுச் சுட்டாள். முதல் தடவை கல் மாதிரி வந்தது. அதையும் பக்கத்து வீட்டு மினேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஆகா, என்ன ருசி! கடிக்கக் கடிக்க இன்பமா இருக்கு, சிகுசா-சான்!" என்றாள் மினே.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனபோது, மினே வீட்டு நாய் தோட்டத்தில் குழி தோண்டி எதையோ புதைத்துக்கொண்டிருந்தது. சிகுசா எட்டிப் பார்த்தாள். அவளுடைய பிஸ்கட்தான். நாய் மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஏறி நின்று மிதித்துவிட்டும் போனது. அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்தத் தெருவில் உண்மை பேச ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று ஆறுதலாகவே இருந்தது.

பிறகு விடாப்பிடியாக இறங்கினாள். வெள்ளை மிசோ மட்டும் போட்டால் இனிப்பு வழவழவென்று நாக்கில் படிந்தது. சிவப்பு மிசோ மட்டும் போட்டால் உப்பு முகத்தில் அறைந்தது. மூன்று பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு சிவப்பு என்று கலந்தபோதுதான் இரண்டும் சமாதானமாகப் போயின. வெள்ளை எள்ளை, வாணலியில் படபடவென்று பொரிகிற வரை வறுத்து, பாதியை வரிபோட்ட மண்சட்டியில் அரைகுறையாக அரைத்து மாவில் சேர்த்தாள். மாவை உருளையாக உருட்டி, கறுப்பு எள்ளில் புரட்டி, குளிர வைத்து, வில்லை வில்லையாக நறுக்கினாள். மிசோ இருப்பதால் விளிம்பு சட்டென்று கருகும். கடைசி மூன்று நிமிடம் அடுப்பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் கடிக்கு இனிப்பு, மெல்லும்போது எள், விழுங்கின பிறகு தொண்டையில் லேசான உப்பு. அந்த உப்பு அடுத்த பிஸ்கட்டைக் கேட்கும். அவள் நாக்குக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் அவள் நாக்கு அவளுக்கு வேண்டிய நாக்கு. அதை எப்படி நம்புவது?

நம்பியே ஆகவேண்டிய நேரமும் வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில், சுற்றுலாப் பேருந்துகள் நிற்கிற இடத்தில் ஊர்ப்பொருள் கடை ஒன்று உண்டு. முள்ளங்கி ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் மகனோடு போய்விட்டதால் அதில் ஒரு அலமாரித் தட்டு காலியாகியிருந்தது. நான்கு பேர் கேட்டிருந்தார்கள். யாருக்கு என்று முடிவு செய்வது மகளிர் குழுவின் ஏழு பேர். அதற்குத் தலைவி ஃபுசாயே. எழுபத்தோரு வயது, முதுகு நேராக, கொண்டையில் ஒரு முடி பிசகாமல் இருப்பார். அவர் யாரையும் மறுத்ததே கிடையாது. "பரிசீலிக்கிறோம்" என்பார். அவர் பரிசீலித்த பண்டம் எதுவும் அதற்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. சிகுசாவின் கஷ்கொட்டை ஜாமை அவர் பரிசீலித்திருக்கிறார். சர்க்கரைவள்ளிக் கேக்கையும் பரிசீலித்திருக்கிறார். மூன்றாவதும் பரிசீலனைக்குப் போனால் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிடுவது என்று சிகுசா முடிவு கட்டியிருந்தாள். இதை அவள் டோகுஜியிடம் மட்டும் சொன்னாள். அவர் அன்று ராத்திரி சாப்பாட்டில் எதையுமே ருசி என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஊர்க்கூடத்தில் ருசி பார்க்கும் கூட்டம். காலையிலேயே சுட்டு ஆற வைத்தாள். அவளுடைய சின்ன அடுப்பில் ஒரு தடவைக்குப் பதினைந்துதான் கொள்ளும். வட்டத் தட்டில் பதினைந்தையும் அடுக்கினபோது வேலைக்குக் கிளம்பிய டோகுஜி எட்டிப் பார்த்தார்.

"அங்க எத்தனை பேரு?"

"ஏழு."

"அப்போ பதினாலு கொண்டு போம்மா. தலைக்கு ரெண்டு. பதினஞ்சு வெச்சா ஒண்ணு மிஞ்சும், அதை ஒருத்தரும் தொட மாட்டாங்க. எல்லாருக்கும் சங்கடம்."

"மிஞ்சட்டுமே. மிஞ்சுதா இல்லையான்னு பாக்கத்தானே நான் போறேன்?"

"அவங்க நாலாங்கிளாஸ் பசங்க இல்லம்மா."

"வாய் ஒண்ணு இருக்குல்ல? வாய் எல்லாருக்கும் ஒண்ணுதான் அப்பா. பிடிச்சா கை தானா நீளும்."

டோகுஜி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருபத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர், தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊர்க்கூடத்தில் ஏழு பேரும் தாழ்ந்த மேசையைச் சுற்றி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பக்கம் ஃபுசாயே. அவருக்கு வலதுபக்கம் மினே. வாசலோரமாக நுயி என்று எழுபத்தெட்டு வயதுக் கிழவி. குழுவில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கூட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு வணக்கம், முடியும்போது ஒரு வணக்கம், அவ்வளவுதான். சிகுசா வறுத்த தேயிலை டீயை ஊற்றிவிட்டுத் தட்டை நடுவில் வைத்தாள். மேசையின் கடைக்கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எள்ளு வாசனை வாசல் வரைக்கும் வந்துச்சு" என்றார் ஃபுசாயே. அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை. சர்க்கரைவள்ளிக் கேக்குக்கும் வாசனை வந்தது என்றுதான் சொன்னார்.

ஆளுக்கொன்று எடுத்தார்கள். வரிசையாக ஆகா வந்தது. "மிசோவா இது? நம்பவே முடியலையே!" என்றாள் ஒருத்தி. "பிஸ்கட்ல மிசோவை யாரு யோசிப்பா!" என்றாள் இன்னொருத்தி. மினே வழக்கம்போல இன்பம் என்றாள். சிகுசா காதை மூடிக்கொண்டு கண்ணை மட்டும் தட்டின் மேல் வைத்திருந்தாள். ஒன்று எடுப்பது மரியாதை. இரண்டாவது? கைகள் நீண்டன. ஏழு பேரும் எடுத்தார்கள். ஆனால் ஏழு பேர் சேர்ந்து எடுத்தால் அதுவும் மரியாதையாக இருக்கலாம். ஃபுசாயே எடுத்தால் மற்றவர்கள் எடுத்துத்தானே ஆகவேண்டும்.

தட்டில் ஒன்று மிஞ்சியது.

அதற்குப் பிறகு யாருடைய கையும் மேசைக்கு மேலே வரவில்லை. டீயைக் குடித்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆற்றங்கரையில் செர்ரி மரத்துக்கு முட்டுக்கொடுத்ததைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் மினே தட்டை ஒரு சாண் தள்ளி, "ஃபுசாயே-சான், நீங்க எடுத்துக்கோங்க" என்றாள்.

"ஐயோ, எனக்கு வயிறு நிறைஞ்சாச்சு. நீ எடுத்துக்கோ."

"நானா? மதியம் ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு வந்தேனே. நுயி-சானுக்குக் குடுங்க."

நுயி தலையைக் குனிந்து தட்டை அடுத்தவர் பக்கம் தள்ளினார். தட்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, தன் ஒற்றைப் பிஸ்கட்டோடு நடுவில் வந்து நின்றது. எடுத்தால் ஆசைப்பட்டவள் என்று பேராகிவிடும். குமோதாவில் அதைவிடக் கேவலம் கிடையாது.

இதெல்லாம் சிகுசாவுக்குத் தெரியாதா? அதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே. மற்றவர் வீட்டில் எத்தனையோ தட்டில் கடைசிக் கொழுக்கட்டையை அவளும் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் புத்தி வேலை செய்யவில்லை. பள்ளிக்கூடத்துத் தராசு மட்டும்தான் கண்முன் நின்றது. மிச்சம் என்றால் மிச்சம். திரும்பி வந்தது என்றால் பிடிக்கவில்லை. அந்த ஒற்றைப் பிஸ்கட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது.

ஃபுசாயே டீக் கோப்பையைக் கீழே வைத்தார். முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டார்.

"ரொம்ப நல்ல பண்டம், சிகுசா-சான். சிரமம் எடுத்துக்கிட்டீங்க. நாங்க பரிசீலிக்கிறோம்."

வந்துவிட்டது. சிகுசா நெற்றி பாயில் படுகிற மாதிரி வணங்கினாள். "ரொம்ப நன்றி" என்று சொன்னது அவள் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் ஏப்ரனை மடிக்கிற இடம், அலமாரியின் எந்தத் தட்டு என்பது வரை நினைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

ஒரு குரல் இல்லை. நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. சிகுசா திரும்பிப் பார்த்தாள். ஏழு பேரில் ஐந்து பேர் பாதி எழுந்திருந்தார்கள். மினே ஒரு கையை நீட்டியபடியே உறைந்துபோயிருந்தாள். எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காது வரை சிவந்து, ஒன்றும் நடக்காத மாதிரி மெல்லக் கீழே இறங்கினார்கள்.

"இல்ல... கழுவ..." என்றாள் சிகுசா.

"கழுவறதுக்கு என்ன அவசரம்?" என்றாள் மினே. "அப்படியே வெச்சுட்டுப் போங்களேன். தட்டை நான் வீட்டுல கழுவிக் கொண்டுவந்து தர்றேன்."

"நீ ஏன் கழுவணும்?" என்றார் எதிரே இருந்தவர். "என் வீடுதான் பக்கம்."

"எனக்கும் சிகுசா-சானுக்கும் நடுவுல ஒரு சுவருதான் இருக்கு!"

"மினே-சான், நீங்கதான் ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டீங்களே?" என்றாள் இன்னொருத்தி.

"அது வேற வயிறு!"

சிகுசாவுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் ஃபுசாயேயைப் பார்த்தார்கள். ஃபுசாயே கண்ணை மூடித் திறந்தார். மடியிலிருந்த வலது கையை மெல்ல உயர்த்தினார். கை முஷ்டியாக மடங்கியிருந்தது.

"வேற வழியில்லை" என்றார். "போடுவோம்."

அடுத்த நொடி ஏழு முஷ்டிகள் மேசைக்கு மேலே நின்றன. "ஜான்... கென்... பொன்!"

முஷ்டி கல், விரித்த கை காகிதம், இரண்டு விரல் கத்திரி என்று பிள்ளைகள் போடுகிற ஆட்டம். மூன்றும் கலந்து விழுந்தது. மறுபடி. மூன்றாம் தடவையில் மூன்று பேர் கழன்றார்கள். ஒருத்தி பாயில் மல்லாந்து விழுந்து, "கத்திரின்னு மனசு சொல்லுச்சு, கை கேக்கலை!" என்று புலம்பினாள். மூட்டுவலி என்று நாற்காலி கேட்கும் அம்மாள் எழுந்து நின்றே போட்டார். ஊர்க்கூடத்தின் கூரை அதிர்ந்தது. வெளியே சைக்கிளில் போன யாரோ நிறுத்திவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க!" என்று மினே கத்தினாள். "ஃபுசாயே-சான் லேட்டாப் போட்டாங்க! என் கையைப் பாத்துட்டுப் போட்டாங்க!"

"நானா? எழுபத்தொரு வயசாச்சு, கை மெதுவாத்தான் வரும்!"

"தோட்டத்துல களை பிடுங்கறப்போ மட்டும் மின்னல் மாதிரி வருது!"

மறுபடி போட்டார்கள். மினே காகிதம், ஃபுசாயே கத்திரி. மினே தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஃபுசாயே. அவருக்கு எதிரே, இதுவரை சத்தமே இல்லாமல் ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டு வந்திருந்த நுயி. நுயி கிமோனோ கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தார்.

"ஜான்... கென்... பொன்!"

நுயி கல். ஃபுசாயே கத்திரி.

ஃபுசாயே தன் இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டையிலிருந்து ஒரு கற்றை முடி அவிழ்ந்து காதில் தொங்கியது. "மூணு ஆட்டம்" என்றார். "மூணுல ரெண்டு ஜெயிக்கணும். அதுதான் முறை."

"ஒரு ஆட்டம்தான்" என்றார் நுயி. அவர் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

"நுயி-சான், பாதி குடுங்க."

"மாட்டேன்."

"எனக்கு வேணும்!" என்றார் ஃபுசாயே.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகளிர் குழுத் தலைவி, ஒரு பிஸ்கட்டுக்காக, ஏழு பேர் முன்னால், வேணும் என்று சொல்லிவிட்டார். நுயி சிகுசாவிடம் இருந்த தட்டிலிருந்து பதினைந்தாவது பிஸ்கட்டை இரண்டு கையாலும் எடுத்து, நெற்றிக்கு நேராக உயர்த்தி வணங்கி, முழுசாக வாய்க்குள் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி நிதானமாக மென்றார். அதைப் பார்த்து முதலில் சிரிக்க ஆரம்பித்தது ஃபுசாயேதான். பிறகு யார் சிரிக்கிறார்கள், யார் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சிகுசா தட்டோடு அப்படியே பாயில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதாள். இரண்டு வருடத்தில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததே இல்லை.

ஃபுசாயே முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். "திங்கக்கிழமை எட்டு மணிக்குக் கடை திறக்கும். நீங்க ஏழரைக்கே வந்து அடுக்கிடுங்க, சிகுசா-சான். கடையில அந்தக் காலித் தட்டு உங்களுது. எட்டு மணிக்கு வாசல்ல நான் நிப்பேன்."

"நான் ஏழே முக்காலுக்கே நிப்பேன்" என்றாள் மினே.

சிகுசா சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி கழலாமல் இருந்ததே பெரிது. வெண்ணெய் வாங்க வேண்டும், எள் வாங்க வேண்டும், பெரிய அடுப்பு பற்றி யோசிக்க வேண்டும். ஆனால் சைக்கிள் நேராகத் தபால் நிலையத்துக்குப் போனது. உள்ளே நாலு பேர் வரிசையில் இருந்தார்கள். டோகுஜி கவுண்டருக்குப் பின்னால் ஒரு பார்சலை எடை போட்டுக்கொண்டிருந்தார். மனைவியின் அழுத முகத்தைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"என்னம்மா? என்ன சொன்னாங்க?"

சிகுசாவுக்கு மூச்சு வாங்கியது. கவுண்டரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"அவங்க சொன்னதை விடுங்க அப்பா," என்றாள். "சண்டை போட்டாங்க!"